மாமியாரை ஏற்றிக்கொண்டு ம்பராராவுக்கு

புதன்கிழமை சாயங்காலம் கிகோங்கோ போன் பண்ணினான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் பிசகிவிட்டதாம், நாளைக்கு வண்டி ஓட்ட முடியாதாம். அவன் தங்கை நாசாலிக்குத் தலை சுற்றியது. விழுந்ததுதான் விழுந்தான், வியாழக்கிழமை சாயங்காலம் விழுந்திருக்கக் கூடாதா?

மசாக்காவிலிருந்து காலையில் கிளம்பி ம்பராராவுக்குப் போய், அம்மாவின் கண்ணைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்புவது என்று ஒரு மாதமாகப் போட்ட திட்டம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ம்பராராவில் வெளியூர் டாக்டர்கள் வந்து முகாம் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமையோடு முகாம் முடிகிறது. காலையில் போய்ப் பதிந்துகொண்டால் ஒரு கண்ணை அறுத்துக் கட்டுப்போட்டு அன்று மாலையே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் கட்டைப் பிரிப்பது மசாக்கா ஆஸ்பத்திரியிலேயே ஆகிவிடும்.

போன வருஷ முகாமுக்கு வேனில் போனார்கள். எங்கள் ஊர் வேன் நிரம்பாமல் நகருமா? டிரைவர் பல் குத்திக்கொண்டு நின்றான். அது நிரம்பி, ஊர்ந்து, போய்ச் சேர்ந்தபோது பதிவை மூடிவிட்டார்கள். அப்போதாவது அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. இப்போது டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். இந்த முறையும் தவறினால் இருக்கிற மங்கல் வெளிச்சமும் போய்விடும் என்று மசாக்கா டாக்டர் சொல்லியே விட்டார்.

நாசாலியின் புருஷன் முவோங்கேயிடம் பிக்கப் வண்டி இருந்தது. சந்தைக்கு வாழைத்தார் ஏற்றுகிற வண்டி. அவனும் நன்றாக ஓட்டுவான். பிறகென்ன கஷ்டம் என்றால், அவன் அவளுடைய புருஷன். அம்மாவுக்கு மருமகன்.

எங்கள் பக்கத்தில் மருமகனும் மாமியாரும் முகத்தோடு முகம் பார்க்க மாட்டார்கள், தொட மாட்டார்கள், கைக்குக் கை எதையும் கொடுக்க மாட்டார்கள். மீறினால் ஒபுகோ பிடிக்கும். கை கால் நடுங்க ஆரம்பித்தால் சாகும்வரை நிற்காது. முவோங்கேயின் சித்தப்பாவுக்கு டம்ளர் பிடிக்க முடியாது. எந்தக் கல்யாணப் பந்தலில் எந்த மாமியார் மேல் இடித்தார் என்று கேட்டுப் பாருங்கள், தெருவே சொல்லும். அதனால்தான் வண்டியை முவோங்கே கொடுப்பது, கிகோங்கோ ஓட்டுவது என்று ஏற்பாடு. கிகோங்கோதான் இப்போது காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அம்மா ஏற்கனவே வந்து பக்கத்து வீட்டு நாகுயாவின் வீட்டில் தங்கியிருந்தாள். மருமகன் வீட்டில் படுக்க முடியாது அல்லவா. அம்மா இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் அவளை எல்லாரும் நலோங்கோ என்றே மரியாதையாக அழைப்பார்கள். அவளுக்கும் அந்த மரியாதை கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

நாசாலி நாகுயா வீட்டு வாசற்படியில் நின்றாள். உள்ளே அம்மா. வெளியே ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முவோங்கே.

"அம்மா, அண்ணனுக்குக் கால் பிசகிடுச்சாம். இவரே ஓட்டறேங்கிறாரு."

"யாரு, மாப்ளையா?" நலோங்கோ முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "என்னடி பேசற? அவரும் நானும் ஒரே வண்டியிலயா? அதுக்கு இப்படியே குருடியா இருந்துட்டுப் போறேன்."

முவோங்கே தொண்டையைக் கனைத்தான். "நான் முன்னாடி இருப்பேன், அவங்க பின்னாடி இருப்பாங்கன்னு சொல்லு."

"அம்மா, அவரு முன்னாடி..."

"கேட்டுச்சு. காதுல ஒண்ணும் புரை விழல. டிரைவருக்குக் கண்ணாடி இருக்குமே, அதுல பின்னாடி தெரியுமே, அதைக் கேளு."

"கண்ணாடியத் திருப்பி வெச்சுடறேன்னு சொல்லு. பின் ஜன்னல் கண்ணாடிக்குத் துணி கட்டிடறேன்."

நாகுயாவுக்கு வாய் சும்மா இருக்காது. "நடுவுல தகரம் இருக்குல்ல, நலோங்கோ. அது சுவருதான். சுவருக்கு அந்தப் பக்கம் மாப்ள, இந்தப் பக்கம் நீங்க. என்ன, வாழைத்தார் ஏத்தற இடத்துல மாமியாரை ஏத்திட்டுப் போறாருன்னு ரோடெல்லாம் சிரிக்கும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுமே!"

"உனக்கென்ன, உன் மாப்ள கென்யாவுல இருக்கான்" என்றாள் நலோங்கோ.

நாசாலிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா! நேத்து நீ என் கையப் புடிச்சிட்டு 'நாகுயா'ன்னு கூப்பிட்ட. நாளைக்கு என்னைத் தெரியவே தெரியாதுன்னா நான் எங்க போய் அழுவேன்?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே முவோங்கே காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

நலோங்கோ முகத்தை மூடிய முந்தானையை மெல்ல விலக்கினாள். பிறகு கேட்டாள். "பின்னாடி மெத்தை போடுவாரா?"

போடுவார். மேலே தார்ப்பாயும் கட்டுவார். கூடவே நாசாலியும் உட்காருவாள். நிறுத்த வேண்டுமென்றால் தகரத்தில் ஒரு தட்டு, கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு தட்டு. இறங்கும்போதும் ஏறும்போதும் மாப்பிள்ளை திரும்பக் கூடாது. ராஜதந்திரிகள் ஒப்பந்தம் போட்டால்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினார்கள். நாசாலியின் போனில் சார்ஜ் இல்லை. வண்டியின் முன்பக்கத்தில் சார்ஜ் போடச் சொல்லி முவோங்கேயிடம் கொடுத்திருந்தாள். நலோங்கோ மெத்தைமேல் காலை நீட்டி, பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவா ஓட்டச் சொல்லு" என்றாள். எப்படிச் சொல்வது? அதற்குத் தட்டு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.

லியான்டொண்டேயில் நலோங்கோவுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. நாசாலி ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி நின்றது. அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, கடைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

லியான்டொண்டேயில் வண்டி நின்றால் என்ன நடக்கும் என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். கறிக்குச்சியும் சுட்ட வாழைப்பழமும் விற்பவர்கள் ஈ மாதிரி மொய்த்துக்கொள்வார்கள். ஒரு பெண் பழக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, சூடா இருக்கு!" என்று வண்டியின் தகரத்தில் தட்டினாள். படார், படார்.

இரண்டு தட்டு.

முவோங்கே கிளம்பிவிட்டான். பின்னால் கடைக்காரர்கள் கத்தினார்கள். விற்பதற்குக் கத்துகிறார்கள் என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தானா? பார்ப்பானா! பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான் மகராசன்.

நாசாலி திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

"என்னடி, வண்டி எங்க?"

"போயிடுச்சும்மா."

"எங்க போச்சு?"

"ம்பராராவுக்கு! நம்மளை விட்டுட்டு!"

நலோங்கோ ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "திரும்பிக்கூடப் பாக்கலியா?"

"இல்லியாம். கடைக்காரங்க கத்தியும் பாக்கலியாம்."

"அந்த விஷயத்துல மாப்ள தங்கம்தான்" என்று சொல்லிவிட்டு, தடவித் தடவி ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நாசாலிக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் மூடிய அதே பதிவு ஜன்னல்தான் கண்ணில் நின்றது. பழக்காரியிடம் போன் கடன் வாங்கினாள். புருஷன் நம்பர் மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? தன் நம்பர் தெரியும். அந்தப் போன் அவன் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அதற்கே அடித்தாள். மூன்றாவது தடவை எடுத்தான்.

"நாசாலி பின்னாடி உக்காந்திருக்கா. ம்பராரா போனதும் பேசுவா" என்று வைத்துவிட்டான்.

"அட கடவுளே!" நாசாலி மறுபடி அடித்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கத்தினாள். "நான்தான்யா நாசாலி! லியான்டொண்டேயில நிக்கறேன்! வண்டியில யாரும் இல்ல!"

அந்தப் பக்கம் பிரேக் அலறியது. பிறகு, "அத்தை?" என்று ஒரு சின்னக் குரல்.

"அம்மாவும் இங்கதான் நிக்கறாங்க. திரும்பி வராதீங்க! வந்துட்டுப் போறதுக்குள்ள மூடிடுவாங்க. நீங்க போய் இடம் புடிங்க. ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் முன்னாடி பையிலதான் இருக்கு. எப்படியாவது வந்துடறோம்."

வேன் ஒன்று நின்றிருந்தது, பாதி காலியாக, போன வருஷம் மாதிரியே. நாசாலி அதன் பக்கம் போகவே இல்லை. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். பால் கேன் ஏற்றிய லாரி ஒன்று, திட்டிக்கொண்டே நின்றது. அம்மாவின் கண்ணைக் காட்டினாள். டிரைவர் மேலே எதுவும் கேட்காமல் கதவைத் திறந்தான்.

ம்பராரா ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு. அதில் வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே முவோங்கே நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பதிவு ஜன்னலை மூடி வெகுநேரம் ஆகியிருந்தது.

நாசாலி அவன் முன்னால் போய் நின்றாள். "முடிஞ்சு போச்சா? அழறீங்களா?"

"அழல. மருந்து." அவன் எழுந்து சட்டென்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். "பேரு பதிஞ்சாச்சு. சீட்டு பெஞ்சுல இருக்கு. அத்தையை அங்க உக்கார வை."

பக்கத்திலிருந்த கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். "உன் புருஷனா? பெஞ்சுல இருந்து எழுந்தா அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்னு நர்ஸ் சொல்லிட்டா. இவன் எழுந்துக்கவே இல்ல. அந்தம்மா வரிசையா எல்லார் கண்ணுலயும் மருந்து ஊத்திட்டு வந்தா. இவனுக்கும் ஊத்திட்டா. ரெண்டு கண்ணுலயும்! வாயத் தொறக்கலியே!"

"தொறந்திருந்தா எழுப்பிவிட்டிருப்பாங்க" என்றான் முவோங்கே சுவரிடம்.

நர்ஸுக்கு விஷயம் தெரிந்ததும் வராந்தா அதிரத் திட்டினாள். ஆனால் திட்டிக்கொண்டே நலோங்கோவின் கண்ணில் மருந்தை ஊற்றினாள். மத்தியானம் உள்ளே கூட்டிப் போய், சாயங்காலத்துக்கு முன்னால் வலது கண்ணில் வெள்ளைக் கட்டோடு வெளியே அனுப்பினார்கள். கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பட்டால் கண் போய்விடும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள்.

"உங்களால ஓட்ட முடியுமா?" என்று நாசாலி கேட்டாள்.

"தூரத்துல நல்லா தெரியுது. மருந்துனால பக்கத்துல இருக்கறதுதான் எல்லாம் கலங்கலா இருக்கு. கண்ணு கூசுது, வெயில் கொஞ்சம் இறங்கட்டும்."

வெயில் இறங்கியது. மெதுவாகக் கிளம்பினார்கள். லியான்டொண்டே தாண்டியதும் பிடித்ததே மழை! தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு அடித்தது. நாசாலி அம்மாவின் தலையைத் தன் மடியில் அழுத்தி, மேலே குனிந்து, முதுகில் மழையை வாங்கினாள். எத்தனை நேரம் வாங்குவது? மெத்தை ஊற ஆரம்பித்தது.

"தட்டுடி" என்றாள் நலோங்கோ.

"நிறுத்தி என்னம்மா பண்ண? ஒதுங்க இங்க ஒரு கூரையும் இல்லியே."

"முன்னாடி கூரை இருக்குல்ல?"

நாசாலி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பாக்கற? ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணுல புரை. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்குப் பக்கத்துல எதுவும் தெரியலியாம். அப்புறம் யாருக்குடி ஒபுகோ வரும்? தட்டு!"

நாசாலி தட்டினாள். இரண்டு பேரும் முன்னால் ஏறிக்கொண்டார்கள், நடுவில் அவள், ஓரத்தில் அம்மா. முவோங்கே கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நாசாலிக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

"மாப்ளே" என்றாள் நலோங்கோ.

மகளை நடுவில் வைத்துச் "சொல்லு" என்று சொல்லவில்லை. நேராகவே கூப்பிட்டாள். முவோங்கேயின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது.

"சொல்லுங்க அத்தை."

"நாளைக்குக் கட்டு பிரிச்சா எனக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் நான் முகத்தை மூடிக்கணும். பேசறதுக்கு இப்பதான் நேரம். எனக்காகக் கண்ணைக் கொடுத்துட்டு உக்காந்திருந்தீங்களாமே. நான் பெத்த புள்ள கால் பிசகிடுச்சுன்னு படுத்துட்டான். நல்லா இருங்க மாப்ளே. உங்க கை என்னைக்கும் நடுங்காது. நான் சொல்றேன்."

முவோங்கே வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "கட்டுல ஈரம் படுதா அத்தை?" என்று மட்டும் கேட்டான்.

"படல."

நாசாலி இரண்டு பேரையும் பார்க்காமல், நனைந்த தன் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அழுதது அவள்தான்.

மறுநாள் காலை மசாக்கா ஆஸ்பத்திரியில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தார்கள். நலோங்கோ கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இளைச்சுட்டியேடி" என்றாள். பிறகு நிமிர்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவள், சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா? கண்ணு வலிக்குதா?"

"உன் புருஷன் அந்த மாமரத்துக்குப் பின்னாடி நிக்கறாரு. இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. எனக்கு நல்லா தெரியுது."