மோட்டார் சும்மா இருந்தபோது

மனைவியின் இடது கையைத்தான் அவர் முதலில் ரவிக்கைக்குள் நுழைத்தார்.

"நகருங்க மாமா, நாங்க போட்டுவிடறோம்," என்றாள் அவளுடைய தங்கை. அழுது அழுது அவளுக்குக் குரலே போயிருந்தது.

"உனக்குத் தெரியாதும்மா. வராத கையை முதல்ல விடணும். நல்ல கையை விட்டுட்டா அப்புறம் இது பின்னால மாட்டிக்கும். அவளுக்கு வலிக்கும்."

தங்கை கழுத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தாள்.

கை எந்தத் தகராறும் பண்ணாமல் உள்ளே போயிற்று. பக்கவாதம் வந்த நாளிலிருந்து நெஞ்சோடு ஒட்டி மடங்கிக் கிடந்த கை அது. தினமும் காலையில் எண்ணெய் தடவி, விரல் விரலாகப் பிரித்து, உள்ளங்கையைத் துடைத்துவிடுவார். விட்ட மறுகணம் தொட்டாற்சிணுங்கி மாதிரி சுருண்டுகொள்ளும். இப்போது விரிந்தே கிடந்தது. அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். மடங்கின. நீட்டினார். நீண்டன. சட்டென்று போர்வையை இழுத்து மூடினார்.

விடிந்ததும் தேநீரோடு போய் எழுப்பியவர் அவர்தான். அவள் எழுந்திருக்கவில்லை. விடியற்காலைத் தூக்கத்திலேயே மூளையில் இன்னொரு அடைப்பு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தேநீர் தம்ளரை எங்கே வைத்தோம் என்பது இன்னும் அவருக்கு நினைவு வரவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் கணக்கு டீச்சர். வகுப்பில் கருணை மார்க் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதவள். சிகிச்சை நிலையத்தில், பயிற்சி தரும் ஓர் இயந்திரக் கையில் அவளுடைய கையைப் பட்டை போட்டுக் கட்டிய முதல் நாளே, தள்ளுவது அவளா மோட்டாரா என்பதை அவர் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். எதிரே திரையில் ஒரு பந்து. கைப்பிடியைத் தள்ளினால் பந்து நகரும். அவளால் தள்ள முடியாதபோது மோட்டார் அவள் கையைத் தூக்கிக்கொண்டு போகும். அப்போது ஒரு முனகல் கேட்கும். அவள் பலம் கொஞ்சம் சேர்ந்தால் அந்த முனகல் மெலியும்.

ஒவ்வொரு முறை பந்து போய்ச் சேர்ந்ததும் அவள் திரும்பிப் பார்ப்பாள். "நானா, மிஷினா?"

"மிஷின்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

தெரபி செய்யும் பெண்ணுக்குப் பொறுக்காது. "என்ன சார், ஒரு வாட்டி அம்மாதான்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"நீ சும்மா இரு பொண்ணே," என்பாள் அவள். "எனக்குச் சும்மா மார்க் போடற ஆள் வேணாம். அதுக்குத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன்."

ஒருநாள் அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல கால்வாசி நீ," என்றார். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. டாக்ஸி ஓட்டியவரிடம்கூடச் சொன்னாள்.

நேற்று அவர் பக்கத்தில் இல்லை. கூட வேலை பார்க்கும் கிரீஸ் போன் செய்தான். சட்டையில் கறை இல்லாமல் ஒருநாளும் யாரும் அவனைப் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஆட்கள். இவர் வராந்தாவுக்கு வந்து, எதைத் தளர்த்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் போனபோது பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்ஸியில் அவள் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பிறகு மெதுவாக, "இன்னைக்கு நான்தான் தள்ளினேன். மோட்டார் சத்தமே இல்ல," என்றாள்.

"யார் கேட்டா?"

"நான் கேட்டேன்."

"உன் காதை யார் நம்பறது? கேக்காத கணக்குக்கு நான் எப்படி மார்க் போடறது, டீச்சர்?" அவளுடைய பேச்சையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாக. "சரி போங்க. வியாழக்கிழமை வந்து கிட்ட நின்னு கேளுங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரவு சாப்பிட்டார்கள். அவள் சீக்கிரம் படுத்துக்கொண்டாள்.

நண்பகல் வாக்கில் அந்தத் தெரபிப் பெண் வந்தாள். நிலையத்தின் சீருடையோடே வந்திருந்தாள். உள்ளே போய் நின்றுவிட்டு, வாசலில் நின்றிருந்த அவரிடம் வந்தாள்.

"நேத்துதான் சார் மோட்டார் உதவியைச் சுத்தமா நிறுத்திப் பாத்தேன். அம்மாகிட்டகூட முன்னாடி சொல்லல. பந்து நகந்துச்சு சார். அவங்களேதான் தள்ளினாங்க."

அவர் குனிந்து, காதை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்களைக் கூப்பிட ஓடி வந்தேன், நீங்க போன்ல கத்திட்டு இருந்தீங்க. அம்மா வேணாம்னுட்டாங்க. 'நானே சொல்லிக்கறேன், அந்த மனுஷன் வாயைப் பொளக்கறதை நான் பாக்கணும்'னாங்க." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னாங்களா சார்?"

"சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், "நூத்துக்கு நூறுன்னேன்," என்றார்.

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். போகும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அவர் அதையே சொன்னார். "தைரியமா இருங்க," என்றார் மாடி வீட்டுக்காரர். "நேத்து அவ தானாத் தள்ளினா," என்றார் இவர். பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்து, எப்பேர்ப்பட்ட டீச்சர் என்றார்கள். "மோட்டார் ஓடல. அவளேதான்." அவர்கள் தலையை ஆட்டி, அவர் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். பித்துப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று யாரோ தங்கையிடம் சொல்வது அவர் காதிலும் விழுந்தது.

கடைசியில் கிரீஸ் வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். மணிக்கட்டில் மட்டும் கறுப்பு. பக்கத்தில் வந்து நின்றான்.

"நேத்து அவ தானாத் தள்ளினாடா. மோட்டார் ஆஃப்ல இருந்துச்சாம்."

கிரீஸ் நிமிர்ந்து பார்த்தான். "நெசமாவா அண்ணே? எவ்வளவு தூரம்?"

அதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பெண் போன திசையில் தெருவைப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

இரண்டு கைகளையும் முன்னால் தூக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டார். அது போதாது என்று தோன்றியது. அகட்டினார். பிறகு கொஞ்சம் குறைத்தார். வண்டி வந்து வாசலில் நின்றது. உள்ளேயிருந்து தங்கை, "மாமா, நேரமாச்சு," என்றாள்.

அவர் கைகளை இறக்கவில்லை. மறுபடியும் இம்மியளவு அகட்டினார்.