கோணல் குறடு

லாசரஸுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தே தீருவது என்று 1968-ல் நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். அவர் ஒன்றும் என்னைக் கேட்கவில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தவனுக்கு, உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு காகிதம் இருக்கிறது என்று தோன்றிவிடும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

லாசரஸின் பட்டறை இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது. நாலு கம்பம், மேலே தகரம், நடுவில் உலை. அங்கே செய்யாத சாமான் கிடையாது. திரிசூலம் மலையில் கல் உடைக்கிறவர்களுக்கு உளி, மேற்குத் தாம்பரம் பல் டாக்டருக்குப் பல் பிடுங்கும் குறடு, சர்ச் கேட்டில் இரும்புத் திராட்சைக் கொடி, காலனிப் பெண்களுக்கு முறுக்கு அச்சு. எதைச் செய்தாலும் கடைசியில் அதன் மேல் மூன்று புள்ளி தட்டுவார். அதுதான் அவர் கையெழுத்து. பேனாவால் போடும் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒரு தினுசாக வரும்; புள்ளி மட்டும் மாறாது.

வயதில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவர். ஆனாலும் நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் அவரை நீ என்பேன், அவர் என்னை சார் என்பார். அதில் ஏதோ தப்பு இருப்பதாக அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

எங்கள் பள்ளி ஸ்தாபகருக்கு மார்பளவுச் சிலை வைக்க வேண்டும் என்று கமிட்டி கூடியபோது, தகட்டை அடித்தே அதைச் செய்து தருவதாக லாசரஸ் சொன்னார். செய்தும் கொண்டுவந்தார். ஸ்தாபகரே எழுந்து வந்து நோட்டுப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்பார் போலிருந்தது. கமிட்டிக்கு ஒரே ஒரு குறை. ஸ்தாபகரின் மூக்கு இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், சிலையிலும் சாய்ந்திருந்தது. அதை நேராக்கச் சொன்னார்கள்.

"மனுசன் மூஞ்சி கோணலா இருக்கலாம் சார். அத்த நேராக்கினா அது வேற ஆளு. இரும்புதான் கோணக் கூடாது" என்றார் லாசரஸ்.

மூக்கு அப்படியே நின்றது. திறப்பு விழாக் கல்வெட்டில் பதினேழு பெயர்கள் இருந்தன, பீடத்துக்குச் சிமெண்ட் பூசிய மேஸ்திரி உட்பட. லாசரஸ் பெயர் இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவர் கல்வெட்டைப் படிக்கக்கூட இல்லை. சிலையின் காதுக்குப் பின்னால் மூன்று புள்ளி இருந்தது, அவருக்கு அது போதும்.

இந்த நிலையில் ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று சர்வேக்காரர்கள் வந்து பட்டறைக் கம்பத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷத்தில் இடம் காலி. மறுநாளே அவர் மனைவி சாராள் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"இவருக்கு ஒல இல்லேன்னா ரெண்டு கையையும் எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியாது சார். ஞாயித்துக்கெழம கோயில்லயே ஒக்காந்துகினு பெஞ்சு ஆணியத் தடவிகினு இருப்பாரு. உங்க இஸ்கூல்ல ஒரு எடம் பாத்துக் குடுங்க சார்" என்றாள்.

அவள் கேட்ட நேரம், எங்களுக்குக் கைத்தொழில் ஆசிரியர் வேலை ஒன்று அனுமதியாகியிருந்தது. பின்பக்க ஷெட்டில் உலையும் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகம் லாசரஸுக்கே தருவதாகச் சொன்னது. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு போர்டு நடத்தும் கொல்லுவேலைப் பரீட்சையில் பாஸ் செய்திருக்க வேண்டும். அந்த போர்டின் பெயர் எதற்கு, விடுங்கள். இரண்டு வருஷத்துக்கு இடத்தைக் காலியாக வைக்கலாம், அதாவது இரண்டு பரீட்சை. லாசரஸ் பாஸ் செய்ய ஒன்றே அதிகம் என்று நான் நினைத்தேன்.

முதல் பரீட்சைக்கு எழும்பூருக்கு மின்சார ரயிலில் நானே அழைத்துப் போய் வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது அவர் சொல்லித்தான் தெரியும். சுவரில் ஒரு குறட்டை மாட்டி, மூன்று மணி நேரத்தில் அதே போல ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த மாடல் என்று பரீட்சகர் வேதாசலம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்திருக்கிறார். லாசரஸ் கிட்டே போய்ப் பார்த்தால், கைப்பிடியில் மூன்று புள்ளி.

"ஆறு வருசத்துக்கு முன்ன பாரிமுனைக் கடைக்கு ஒரு டஜன் பண்ணிக் குடுத்தேன் சார். அடமழை, கரியெல்லாம் ஈரம். அதுல ஒண்ணு, ரெண்டு பாதியையும் சேக்கற ரிவெட் ஓட்டை ஒரு நெல்லளவு தள்ளிப்பூடுச்சி, வாய் கோணிக்கினு மூடும். இத்த விக்காத, ஒடச்சிப் போடுன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த ஆளு அத்த வெல்வெட்டுப் பொட்டில வெச்சி சீமைச் சரக்குன்னு இவங்க தலைல கட்டிட்டான்."

"நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார். இது நான் பண்ணதுன்னேன். சிரிச்சாரு. அந்த மூணு புள்ளி சீமைக் கம்பெனி முத்திரையாம்."

"சரி, அதே மாதிரி பண்ணிட்டியோல்லியோ?"

லாசரஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தப்புன்னு தெரிஞ்சத மறுபடி எப்டி சார் பண்ணுவேன்? ஓட்டைய சரியான எடத்துல போட்டேன். வாய் ரெண்டும் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியாம மூடிச்சி. புள்ளி வெச்சிக் குடுத்துட்டேன்."

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தேறவில்லை. காரணம் ஒன்று: பொருள் மாதிரிக்கு மாறுபட்டது. காரணம் இரண்டு: வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரையைப் போலியாகப் பொறித்தது. நான் நாலு பக்கத்தில் மனு எழுதினேன். அது கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்கப்புறம் பதிலே இல்லை.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் செய்தேன். இரண்டாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"இதோ பார் லாசரஸ், நமக்கு வேண்டியது சர்டிபிகேட். நல்ல குறடு இல்லை. அந்தக் கோணல் குறட்டை அப்படியே பண்ணிக் கொடுத்துடு. புள்ளி கிள்ளி ஒண்ணும் வெக்காதே. முக்கியமா சுவத்துல இருக்கிற மாடலைப் பார்க்காதே. பார்த்தா உன் கை தானா திருத்திடும்."

அவர் உலையைக் கிளறினார். சாராள்தான், "சார் சொல்றது கேக்குதா? இன்னும் கொஞ்ச நாள்ல கம்பத்தப் புடுங்கிடுவான்" என்றாள். லாசரஸ் தலையை ஆட்டிவிட்டுத் துருத்தியை மிதித்தார்.

கோணலாகச் செய்வது லேசில்லை. முதல் பன்னிரண்டு குறடும் நேராகவே வந்துவிட்டன. ஓட்டை போடும் கடைசி நொடியில் கை தானாக நகர்ந்து சரியான இடத்தில் போய் நிற்கும். லாசரஸ் தன் கையைத் தானே திட்டிக்கொள்வார். நான் தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் போய், ஸ்கேலை வைத்து அளந்து, போதாது, இன்னும் கோணல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பதின்மூன்றாவது குறடு சரியாக நெல்லளவு கோணியது. சாராள் கை தட்டினாள். லாசரஸ் அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரீட்சை நாளன்று புள்ளி தட்டும் உளியைச் சாராள் வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் மறுபடியும் அதே வராந்தாவில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்து லாசரஸ் வெளியே வந்தார். சட்டையெல்லாம் கரி.

"சார், நீங்க சொன்ன மாதிரியே செவுத்தப் பாக்கல. குனிஞ்ச தல நிமிரல. அச்சு அசலா கோணலா பண்ணிக் குடுத்துட்டேன்."

"சபாஷ்!"

"குடுத்துட்டு வரசொல்ல ஒருவாட்டி நிமிந்து பாத்தேன் சார். மாடல் மாத்திட்டாங்க. போன வருசம் நான் பண்ண குறடு தொங்கிகினு கீது."

நான் எழுந்து வேதாசலத்தின் அறைக்கு ஓடினேன். மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். மாடலை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"பழைய மாடல்ல வாய் கோணல் சார். அளந்து பார்த்ததுல தெரிஞ்சுது. போன வருஷம் எவனோ ஒருத்தன் முத்திரையோட பண்ணின பீஸ் ஒண்ணு இருந்தது. அப்பழுக்கில்லை. அதையே மாட்டிட்டோம்."

"அந்த எவனோ ஒருத்தனை என்ன பண்ணினீங்க?"

"பெயில். மாதிரிக்கு மாறுபட்டதாச்சே" என்றார் வேதாசலம், கொஞ்சமும் கூச்சமில்லாமல், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டு.

கத்தினேன். அந்த ஒருத்தன் வெளியேதான் நிற்கிறான் என்றேன். இந்த வருஷத்துப் பீஸைப் பாருங்கள், இப்படி வாய் கோணப் பண்ணுகிறவனா அதைப் பண்ணியிருப்பான் என்று அவர் என்னையே கேட்டார். அந்தக் கோணலை ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது நான் என்று சொல்லவா முடியும்?

ரயில் சைதாப்பேட்டையைத் தாண்டியது. அப்புறம் நான்தான், "என் தப்பு லாசரஸ், என்னை மன்னிச்சிடுங்கோ" என்றேன். நீங்கோ என்று அவரிடம் அன்றுதான் முதல் தடவையாகப் பேசினேன். அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"பரவால்ல சார். அந்தக் குறட்டுல புள்ளி வெக்கல. அது ஒண்ணுதான் மனசுக்கு நிம்மதி" என்றார்.

போர்டின் கடிதம் நான் எதிர்பார்த்தபடியே வந்தது. பள்ளிக்கூடத்து வேலை ஊரப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு சர்டிபிகேட்காரருக்குப் போயிற்று. அந்த நியமன உத்தரவை டைப் அடித்ததும் நான்தான்.

பட்டறையை இடிக்கிற அன்று நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு இரும்புலியூருக்குப் போனேன். கையில் என் மனுவின் நகல் இருந்தது. எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. சாராள் சாமான்களை ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ரோட்டு மேஸ்திரி அப்பாதுரை ஆறு ஆட்களோடு வந்து இறங்கினார். ஒருத்தன் கடப்பாரையைக் கம்பத்தின் அடியில் போட்டான். அது தரையில் வழுக்கியது. மறுபடியும் போட்டான், மறுபடியும் வழுக்கியது.

கைகட்டி நின்றிருந்த லாசரஸ் அருகே போய் அதன் முனையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாபா இது? மொன மொட்டையா கீது. இத்த வெச்சிகினு நாள் பூரா குத்தினா தோள்பட்ட எறங்கிப்பூடும்."

"இன்னா பண்றது, குடுத்தது இதான்" என்றார் அப்பாதுரை.

லாசரஸ் வண்டியிலிருந்து துருத்தியையும் சம்மட்டியையும் இறக்கினார். சாராள் தலையில் அடித்துக்கொண்டாள். உலை மூட்டி, ஆறு கடப்பாரையையும் ஒவ்வொன்றாகக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கூராக்கினார். கடைசியில் சாராளிடம் கையை நீட்டினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பரீட்சை நாளிலிருந்து தன்னிடமே இருந்த உளியைக் கொடுத்தாள். ஆறிலும் மூன்று மூன்று புள்ளி தட்டினார். தணல் அணையும் வரை பொறுக்கச் சொன்னார், பொறுத்தார்கள்.

அப்புறம் இடித்தார்கள். கூர் நன்றாக இருந்ததால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.