இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே

இடம் அழகாக இருக்க வேண்டும், ஆனால் ஏற்றம் கூடாது. வெயில் வேண்டும், பனி இளகக் கூடாது. பனி வேண்டும், கை விறைக்கக் கூடாது. நடை முடியும் இடத்தில் ஒரு கடை திறந்திருக்க வேண்டும், அங்கே அக்ரூட் கேக் இருக்க வேண்டும், கேக்கைத் தின்று முடிக்கும்போது பஸ் வந்து நிற்க வேண்டும். எங்கள் வியாழக்கிழமை நடைக்குழுவுக்கு இப்படி ஒரு வழியை வாராவாரம் நான் தேடிக் கொடுக்க வேண்டும். கோடையில் சாதாரண நடை, குளிர்காலத்தில் பனிக்காலணி மாட்டிக்கொண்டு நடை. தபால் நிலைய வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், மெஞ்சா சும்மாதானே இருக்கிறாள் என்று என் தலையில் கட்டினார்கள். வாங்கிக்கொள்ள இன்னும் ஒரு தலை கிடைக்கவில்லை.

பெயருக்கு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறோம். நான், என் கணவன் துமாஷ், என் தம்பி விஜெலி. அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம், எங்கள் சாப்பாட்டு மேசையில், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குளிர்காலத்து வழிகளைத் தேர்ந்தெடுப்போம். போன அக்டோபரில் அந்தக் கூட்டம் இப்படி நடந்தது.

“பலியூ மேய்ச்சல் நிலம் போகலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது மீட்டர். நீங்க என்ன சொல்றீங்க, விஜெலி?” என்றான் துமாஷ்.

“அங்க நின்னா எதிர் மலையோட முதுகுதான் தெரியும். இன்னும் ஒரு நூறு மீட்டர் ஏறினா பனியாறு பூரா தெரியுமே. அதை விட்டுட்டு ஏன் அங்கயே நிக்கணும்னு சொல்றீங்க?”

“காத்து அடிக்கும். உங்களுக்கு ஒத்துக்காது.”

“எனக்கு எது ஒத்துக்காதுன்னு நீங்க கவலைப்பட வேண்டாம்.”

“சரி, அப்ப கிராப் ஃபால்வா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.”

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் மச்சான், மச்சான் என்று ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டுத் திரிந்தவர்கள். இப்போது நடுவில் நான் சூப் ஊற்றிக்கொண்டிருக்க, வழக்கறிஞர்கள் மாதிரி மரியாதையாகக் கடித்துக் குதறிக்கொள்கிறார்கள்.

எங்கள் மலையில் ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதி வைக்காதது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே யாரும் யாரையும் ‘நீங்க’ என்று கூப்பிடக் கூடாது. ஊருக்குள் வங்கி மேனேஜரை ‘நீங்க’ என்போம். அவரே மேலே வந்து வியர்த்து நின்றால் ‘நீ’. பாதிரியாருக்கும் அதே கதிதான். இறங்கி வந்ததும் மறுபடி ‘நீங்க’, அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஊருக்குள்ளேயே ‘நீ’ என்று ஆகிவிட்ட இரண்டு பேர் திரும்ப ‘நீங்க’ என்று ஆரம்பித்தால், அது செருப்படி.

துமாஷ் அந்தச் செருப்படியை மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் கொடுத்தான். அன்று அவன்தான் எங்களைக் கூட்டிப் போனான். ஒரு கணவாய்க்குச் சற்றுக் கீழே காற்று கொண்டுவந்து குவித்த பனி ஒரு சரிவு முழுக்கக் கிடந்தது. அவன் முன்னால் வழி மிதித்தபடி பாதிச் சரிவைத் தாண்டிவிட்டு, வாங்க என்று கையசைத்தான். பின்னாலிருந்து விஜெலி, “வேணாம்டா, இது சரிஞ்சு வந்துடும், திரும்பு!” என்று கத்தினான். நாங்கள் பதினோரு பேரும் திரும்பிவிட்டோம். நானும்தான். எனக்கும் அந்தச் சரிவு பிடிக்கவில்லை. கடைசியில் அவன் தனியாக, தான் மிதித்த வழியிலேயே திரும்பி வந்தான்.

பனி சரிந்து வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வசந்தத்தில் உருகித் தண்ணீராய்ப் போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தது. வந்திருந்தால் விஜெலி சொன்னது சரியென்று ஆகியிருக்கும். வராததால் துமாஷ் சரியென்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் கடையில் துமாஷ் கேக் தட்டை நகர்த்தி, “எடுத்துக்குங்க, விஜெலி,” என்றான்.

அன்றிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேலே அவன் கால் வைக்கவில்லை. சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை அவன். மேலே போனால் ‘நீ’ என்று சொல்லியாக வேண்டும், அதனால் போவதையே நிறுத்திவிட்டான். கையில் கட்டிய உயரமானியைப் பார்த்துப் பார்த்து நடப்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் தாண்டியதும் முட்டி வலிக்கும், காலணி வார் அவிழும், கீழே போய் இடம் பிடித்து வைக்கிறேன் என்பான். குழுவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஓனா என்று ஒருத்தி மட்டும் ஒவ்வொரு முறையும், “பாவம், அந்த முட்டியை யார்கிட்டயாவது காட்டக் கூடாதா?” என்பாள்.

அந்த அக்டோபர் கூட்டத்தின் முடிவில் விஜெலி வரைபடத்தை மடித்துக்கொண்டே சொன்னான்:

“இதுதான் எனக்குக் கடைசி வருஷம், அக்கா. மார்ச்சுல பாஸல் போறேன். பொண்ணு பக்கத்துல வீடு பாத்துட்டா.”

துமாஷ் வெளியே பார்த்தான். “நல்ல ஊர். உங்களுக்குப் பிடிக்கும்,” என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சூப்பை இருவர் தலையிலும் ஊற்றியிருப்பேன். என் தம்பி இந்தப் பள்ளத்தாக்கை விட்டே போகிறான். போவதற்குள் இவர்கள் இருவரும் பழையபடி பேச வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நான் வேண்டியது அது ஒன்றுதான். இருவரிடமும் கேட்காமல் பிப்ரவரியில் ஒரு வியாழனுக்கு ஒரு வழியைப் போட்டேன். குவோல்ம் சுரா, இரண்டாயிரத்து நூற்றுப் பத்து மீட்டர். மெதுவான ஏற்றம், வழி நெடுகப் பாதை காட்டும் ரோஜா நிறக் கம்புகள், உச்சியில் நான்கு பக்கமும் காட்சி. முட்டி வலிக்கு ஒதுங்கக் கடையோ கொட்டகையோ கிடையாது.

அந்த வியாழன் பனிச்சரிவு எச்சரிக்கை ஒன்றாம் எண்ணில் இருந்தது, அதைவிடக் குறைந்த எண்ணே இல்லை. காலையில் சமையலறையில் துமாஷ் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

மரங்கள் நின்றுபோகும் இடம் வந்தது. வெள்ளை வெளேரென்று முன்னால் ஒரு முகடு. துமாஷ் மணிக்கட்டைப் பார்த்தான், குனிந்தான், முட்டியைத் தடவினான்.

“நீங்க போங்கப்பா. நான் இங்கயே...”

“உன் முட்டி எந்த மீட்டர்ல வலிக்க ஆரம்பிக்கும்னு ஒரு தடவை சொல்லிடு, துமாஷ். நான் அதுக்குத் தகுந்த மாதிரி மலை பாக்கறேன்,” என்றேன்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை.

“எனக்கு அலுத்துப்போச்சு. மூணு வருஷமா நான் காட்சி பாத்தா வழி தேடறேன்? நீ எங்க நிப்பேன்னு பாத்துத் தேடறேன். வரியா, இல்ல இத்தனை பேரும் உன்னோட இங்க உக்காந்து குளிர்ல விறைக்கட்டுமா?”

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு என்னைத் தாண்டி நடந்தான். விஜெலி அவனுக்குப் பின்னால் போனான். நான் கடைசியில் போனேன்.

உச்சியில் காற்று இல்லை. பனியாறு, அதற்கு அப்பால் இத்தாலிப் பக்கத்து மலைகள், எல்லாம் தெரிந்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. விஜெலி குடுவையைத் திறந்து காபி ஊற்றினான். அதில் காபியைவிடச் சாராயம் அதிகம் என்பது வாசனையிலேயே தெரிந்தது. குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு துமாஷ் முன்னால் நின்றான்.

“வேணும்னா கேளு மச்சான். இங்க சட்டம் என்னன்னு தெரியும்ல?”

துமாஷ் மீசையைத் துடைத்தான். எதிர் மலையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

“குடுடா. ஆறிடப் போகுது.”

ஓனா கை தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்குக் கண்ணாடியில் வெயில் படுகிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விஜெலிக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். “அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது,” என்று ஆரம்பித்தான். “நீ கூட்டிட்டுப் போற இடத்துல, எல்லார் முன்னாடியும்...”

“நீ கத்தினதுக்கா?” துமாஷ் சிரித்தான். “நீ எந்த மலையிலதான் கத்தல? பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டானாலே கத்துவே. நீ கத்தி யாருடா கேட்டிருக்காங்க?”

“பின்ன என்ன?”

துமாஷ் குவளையால் என்னைக் காட்டினான்.

“இவ திரும்பினா. நான் நடுச் சரிவுல நின்னு பாத்துட்டிருந்தேன். நீ கத்தின, ஒருத்தரும் அசையல. இவ ஒரு வார்த்தை பேசல. மேல என்னை நிமிந்தும் பாக்கல. காலணியைத் திருப்பி வச்சா, நடந்தா. அதைப் பாத்த அப்புறம்தான் மத்தவங்க திரும்பினாங்க.”

“அந்தச் சரிவு நல்லா இல்ல, துமாஷ்,” என்றேன்.

“இருக்கலாம்.”

“இன்னைக்கு அங்க நின்னாலும் திரும்புவேன்.”

“அதுவும் தெரியும்.”

“அப்ப மூணு வருஷமா எதுக்கு இவனைப் போட்டு வதைச்சே?”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஒரே வீடு, ஒரே அடுப்பு. காலையில எழுந்ததும், ‘நீங்க நல்லாத் தூங்கினீங்களா?’ன்னு கேக்க முடியுமா?”

வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். விஜெலிதான் முதலில் நிறுத்தினான். துமாஷ் குவளையைக் காலி செய்து அவனிடம் கொடுத்துவிட்டு, “இன்னொன்னு ஊத்துடா,” என்றான்.

இறங்கும்போது அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். பேச்சும் சிரிப்பும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. முதல் மரங்கள் வந்த இடத்தில் என் காலணி வார் நழுவி நான் முழங்காலில் விழுந்தேன். துமாஷ் திரும்பி ஏறி வந்து குனிந்தான்.

“காலைக் கொஞ்சம் நீட்டுங்க,” என்றான்.

பின்னால் ஓனா நிற்கிறாள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அவன் வாரை இறுக்கி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, “இப்ப சரியா இருக்கும், பாத்து வாங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதைதான். உப்பு வேணுமா உங்களுக்கு. ஜன்னலைச் சாத்தட்டுமா, குளிருதா உங்களுக்கு. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. கோபமாகப் பேசினால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். விஜெலி இப்போது தினமும் வருகிறான். இருவரும் சீட்டு ஆடுகிறார்கள், ஒருவன் ஏமாற்றுகிறான் என்று இன்னொருவன் கத்துகிறான். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவும்போது, என் வீட்டில் நானே விருந்தாளி என்று தோன்றுகிறது.

“விளையாடறான் அக்கா,” என்று விஜெலி என் காதில் சொன்னான்.

“உன்கிட்ட மூணு வருஷம் விளையாடினானே, அப்ப உனக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

புதன் மதியம் அடுத்த நாள் வழியை உறுதி செய்ய உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்தது முண்டாவுன் கணவாய், இரண்டாயிரத்து அறுபது. விஜெலி கிளம்புவதற்கு முன் எங்கள் கடைசி உயரமான நடை. இரண்டு நாளாகப் பனி கொட்டி, காற்றும் அடித்திருந்தது. எச்சரிக்கை மூன்றாம் எண், இரண்டாயிரத்துக்கு மேலே பனி சரியலாம் என்று அர்த்தம்.

வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வழியில் ஒரே ஒரு இடம்தான் செங்குத்து. இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்கலாம். கடப்பவர்கள் இருக்கிறார்கள், கடந்து வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள். அங்கே மேலே போனால் ஒரு மதியம் முழுக்க அவன் என்னை ‘நீ’ என்று கூப்பிட்டாக வேண்டும். ஒரு மதியம் போதும் என்றிருந்தது எனக்கு. அதற்குள் அவன் மனசு இளகினாலும் இளகலாம். இந்த மூன்று வருஷமும் விஜெலி ஏன் நூறு மீட்டர், நூறு மீட்டர் என்று கெஞ்சினான் என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு பென்சிலை எடுத்து முண்டாவுனை அடித்தேன். ரைன் ஆற்றங்கரை என்று எழுதினேன். அங்கே காட்சி என்று ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ஜல்லிக் குவியல், தலைக்கு மேலே மின்கம்பி.

துமாஷ் என் பின்னால் வந்து நின்று பார்த்தான்.

“ஆத்தங்கரையா?”

“ஆமா.”

“கணவாய்க்கே போகலாமே. ஒரு இடம்தானே.”

அவனும் போக விரும்பினான். அவன் குரலில் அது இருந்தது, நான் கற்பனை செய்யவில்லை. முகத்தைத் திருப்பாமல், “போகலாம்தான். ஆனா நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்,” என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டான்.

“தெரியும். நீங்க திரும்பிடுவீங்க,” என்றான்.

அவன் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் போனை எடுத்துக் குழுவுக்குச் செய்தி தட்டினேன். அழுததில் எழுத்து சரியாகத் தெரியவில்லை, இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை சரியாக வந்தது. நாளை ஆற்றங்கரை, ஏற்றம் இல்லை, எல்லோரும் வரலாம்.