இடது பக்கம் ஒரு சேர்

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஹெட்போனுக்குள் போய்விட்டார். இடது பக்கம்.

ஒன்றும் பதற வேண்டாம், கண்ணுகளா. போகும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்.

கோயம்புத்தூரில் எங்கள் ஹெட்போன் நண்பர்கள் கூடுவது பல் டாக்டர் நெல்சனின் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில். ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். இதற்குக் கூட்டம் என்று பெயர். டீ வந்தால் யாருக்கும் கேட்காது. டீயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஹெட்போனைத் தொடுவதற்கு முன், அந்த வாரம் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். காது மட்டும் வளர்ந்து ஆள் வளராமல் போய்விடக் கூடாது என்று நெல்சன் கொண்டுவந்தது.

அன்று நான் கத்திரிக்காய் வற்றல் போட்டதைச் சொன்னேன். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பத்மாவதி மீன் வளர்க்கிறாள். "மீனுக்குப் பாட்டுப் போட்டு வெச்சேன். ஒண்ணுக்கு மட்டும் புடிக்கல. முதுகத் திருப்பிக்கிச்சு" என்றாள்.

திருப்பூர் சென்னியப்பன் நேரில் வரமாட்டார், போனில்தான் வருவார். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். "துணி மடிச்சேனுங்க" என்றார்.

"போன வாரமும் அதானே சொன்னீங்க?" என்று நெல்சன் கேட்டார்.

"கம்பெனியில நாள் முச்சூடும் மத்தவங்கதான மடிக்கிறாங்க. ஞாயித்துக்கெழமையாச்சும் நான் மடிக்கோணுமில்லீங்க?"

கடைசியாக என் வீட்டுக்காரர் மருதாசலத்தின் முறை வந்தது. "இந்த வாரம் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். "முட்டிக்கு நல்லதுங்கண்ணா" என்றார் நெல்சன்.

பிறகு பொது ஹெட்போனை எடுத்தோம். எல்லோரும் சேர்ந்து வாங்கியது அது. ஒவ்வொருவர் வீட்டிலும் கொஞ்ச நாள் இருக்கும். அன்றைக்கு நெல்சனிடமிருந்து சென்னியப்பனுக்குப் போக வேண்டும். அவருக்கு அடுத்தது நாங்கள்.

அதன் பின்பக்கம் மூடியிருக்காது. கம்பி வலைதான். அப்படி இருந்தால் மேடை அகலமாக இருக்கும் என்பார்கள். கண்ணை மூடினால் பாடுகிறவர் நடுவில், வயலின் இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம் என்று எதிரே கச்சேரியே உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். அதைத்தான் மேடை என்கிறோம்.

வீட்டுக்காரர் அதை மாட்டினார். கண்ணை மூடினார்.

"இடது பக்கம் ஒரு சேர் காலியா இருக்குது" என்றார்.

செருப்பைக் கழற்றினார். போய்விட்டார்.

ஹெட்போன் நாற்காலியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது.

"டாக்டர், என்ற வூட்டுக்காரரு உள்ள போயிட்டாரு."

நெல்சன் வாங்கி மாட்டிக் கேட்டார். "ஆமாங்க்கா. நல்லாத் தெரியறாரு. வயலினுக்குப் பின்னாடி, கொஞ்சம் ஒசரமா."

"இருமறாரா?" என்றாள் பத்மாவதி.

"இருமறாரு. அடடா, இருமல்ல ஒவ்வொரு இழையும் தனித்தனியா கேக்குது. இந்தா, நீயே கேளு."

பத்மாவதி கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "செம்பு ஒயர்ல கேட்டா இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கும்" என்றாள்.

செம்பு ஒயரை மாட்டினார்கள். இருமல் மெத்தென்று இருந்தது. வெள்ளி ஒயரை மாட்டினார்கள். இருமல் பளபளத்தது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார்கள். இருமலுக்கு சளி குறைந்ததுபோல் இருந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

"அவர வெளிய எடுங்கப்பா" என்றேன்.

"ஒரு நிமிசமுங்க்கா. இன்னொரு ஒயர் பாக்கி இருக்குது."

இதற்குள் திருப்பூர் பஸ் வந்துவிட்டது. பொது ஹெட்போனைப் பெட்டியில் போட்டு கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு என்பதால் பஸ் மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார்.

சென்னியப்பன் தங்கமான மனுசன்தான். ஆனால் அவருக்குத் தரை அதிர்கிற கனத்த சத்தம் வேண்டும். பேஸ் என்பார்கள். அவர் பாட்டுக் கேட்டால் சுவரில் பல்லி நிற்காது. பக்கத்துத் தோட்டத்தில் இளநீர் உதிரும். என் வீட்டுக்காரர் ஒற்றை நாடி. அந்த பேஸில் அகப்பட்டால் எந்த மூலையில் போய் விழுவாரோ தெரியாது.

"டாக்டர், அதை இப்படிக் குடுங்க" என்று பிடுங்கி மாட்டிக்கொண்டேன். செருப்பைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் விட்டேன்.

உள்ளே நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் கறுப்புப் பஞ்சு. நடக்க நடக்க நீண்டது. காலடிச் சத்தம் துளிகூட இல்லை. கடைசியில் ஒரு வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பக்கமுங்க?"

"இடது."

"இடது நெறஞ்சிருச்சுங்க. இப்பத்தான் ஒருத்தரு செருப்பில்லாம வந்து உக்காந்தாரு."

"அவரு என்ற வூட்டுக்காரருதானுங்க."

"அப்ப நீங்க வலதுங்க. குடும்பமே ஒரே பக்கம் உக்காந்துக்கிட்டா ஸ்டீரியோவுக்கு எங்கீங்க போறது?"

நியாயமாகத்தான் பட்டது. வலது பக்கம் போனேன். மிருதங்கக்காரர் தன் ஜமுக்காளத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். மேடை கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. நடுவில் பட்டுப்புடவை கட்டிய பாடகி பாடிக்கொண்டிருந்தார். அந்தக் கோடியில், வயலினுக்குப் பின்னால், என் வீட்டுக்காரர் சேரில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருந்தார். அவர் கால்மேல் கால் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஏனுங் மாமா! எந்திரிங்க, போலாம்."

பாடகி பாட்டை நிறுத்தினார். "அம்மா, குடும்ப விசயத்த சரணத்துல பேசிக்கங்க. இது பல்லவி."

சரணம் வரும்வரை காத்திருந்தேன்.

"எங்க போறது?" என்றார் வீட்டுக்காரர்.

"வூட்டுக்குத்தான்."

"வூட்டுல எங்க உக்கார்றது?"

"நாலு சேரு இருக்குதுல்ல?"

"நாலுலயும் துணி."

முதல் சேரில் துவைத்த துணி. இரண்டாவதில் மடித்ததா மடிக்காததா என்று சொல்ல முடியாத துணி. மூன்றாவதில் ஒருமுறை கட்டியது, இன்னொருமுறை கட்டலாம். நாலாவதில் என்ன இருக்கிறதென்று எங்களுக்கே தெரியாது. அடியில் ஒரு வேட்டி சுருண்டு கிடக்கிறது. அதை எழுப்ப யாரும் துணிவதில்லை. இவர் காப்பி குடிப்பது ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டுதான். ஃப்ரிட்ஜின் மேல் அவருக்கு ஒரு பிரியம் என்றே நான் நினைத்திருந்தேன்.

"அதுல பாதி உங்க துணி" என்றேன்.

"மிச்சப் பாதி மேலதான் அதுவும் கெடக்குது. வேற இடமில்லையே."

"வாங்க. வந்தா மடிச்சு வெக்கறேன்."

"மடிச்சு வெய்யி. வெச்சா வர்றேன்."

"பல்லவி திரும்புது" என்றார் பாடகி. இருவரும் கம்மென்று இருந்தோம்.

அடுத்த சரணத்தில் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று கிளம்பினேன். மிருதங்கக்காரர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "நடுவத் தாண்டாதீங்க. ஆளாளுக்குத் தாண்டுனா வெளிய கேக்கறவங்களுக்குத் தலை சுத்தும்."

ஒரே வழிதான் இருந்தது. கம்பி வலை பக்கம் வாயை வைத்துக் கத்தினேன். "யாராச்சும் எங்க வூட்டுக்குப் போயி சேர்ல கெடக்குற துணிய மடிச்சு வெய்ங்க! சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்குது!"

வலைக்கு வெளியே நெல்சனின் குரல் இடிபோல் கேட்டது. "அக்கா வந்துட்டாங்க. வலது பக்கம்."

"கொரல் எவ்வளவு கிட்ட வருது பாருங்க" என்றது பத்மாவதியின் குரல். "துணின்னு சொல்றப்ப மூச்சுக் காத்துகூடக் கேக்குது."

"ஆனா வலது கொஞ்சம் சத்தம் எச்சா இருக்குதே."

"கொறைங்க."

யாரோ எதையோ திருகினார்கள். என் குரல் பாதியாகிவிட்டது. கத்திப் பார்த்தேன். கொசு பாடுவதுபோல் வந்தது.

அந்தக் கோடியில் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாப்பது வருசமா அந்தத் திருகு எங்க இருக்குதுன்னு தேடிட்டிருந்தேன் புள்ள!"

பதிலுக்கு நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

பிறகு இருட்டிவிட்டது. பெட்டியை மூடுகிறார்கள். பாடகி ஃப்ளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். மேலே சர்ரென்று ஒட்டு டேப் இழுபட்டது.

"கேட்டயா புள்ள?" என்றார் வீட்டுக்காரர், இருட்டிலிருந்து. "டேப்பு கிழியற சத்தம். எவ்வளவு சுத்தம்!"

"ஆமாங் மாமா" என்றேன். நிஜமாகவே சுத்தமாகத்தான் இருந்தது.

பஸ் மாடிப்படி இறங்கியது. அவினாசியில் யாரோ பெட்டியின் மேல் முருங்கைக்காய்க் கட்டை வைத்தார்கள். திருப்பூரில் எடுத்தார்கள். சென்னியப்பன் வீட்டில் பெட்டி திறந்தது.

வாட்ச்மேன் ஸ்டூலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். வயலின்காரர் வயலினை உறையில் போட்டார். பாடகி ஃப்ளாஸ்கை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"இந்த வூட்டுல எனக்கு வேலையில்லீங்க. இவருக்குப் பாட்டு வேண்டாம், அதிர்ந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடு காலியானது.

"இறுக்கிப் புடிச்சுக்கங்க" என்றார் மிருதங்கக்காரர். "பேஸுக்கு இடது வலதெல்லாம் தெரியாது. எல்லாத்தையும் நடுவுக்கு இழுக்கும்."

"மாமா!" என்று கூப்பிட்டேன். கொசுக்குரல்.

பேஸ் வந்தது.

முதலில் காலடியில் வந்தது. அப்புறம் வயிற்றில் வந்தது. அந்தக் கோடியில் அவருடைய சேர் ஒரு துள்ளுத் துள்ளியது. அவர் கால்மேல் போட்ட காலை இறக்கினார். சேர் இன்னொரு துள்ளலில் வயலினைத் தாண்டியது. என் ஜமுக்காளம் என்னை ஏற்றிக்கொண்டு வழுக்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவர் ஒரு முழம் வந்தார். நான் ஒரு முழம் போனேன். அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் முட்டிக்கொண்டோம்.

"அடிபட்டுதா?" என்றார்.

"இல்ல. உங்களுக்கு?"

"இல்ல. இந்தா, சேர்ல உக்காரு."

"நீங்க உக்காருங்க. ஒரு வாரமா நின்னீங்கல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த அடி எங்கள் இருவரையும் ஒரே சேரில் உட்கார வைத்தது. ஆளுக்குப் பாதி.

நடுவுக்கு அந்தத் திருகு செல்லாது போலிருக்கிறது. என் குரல் முழுசாகத் திரும்பி வந்தது. "யாராச்சும் வந்து துணிய மடிங்க!" என்றேன். சாவி இருக்கும் இடத்தையும் சொன்னேன்.

பேஸ் நின்றது. வெளியே சென்னியப்பன் நெல்சனுக்கு போன் போட்டார்.

"டாக்டருங்களா? நடுவுல ஒரு அம்மா துணி மடிக்கச் சொல்றாங்க."

"அது எங்க கருணாம்பா அக்காங்க. நீங்க மேடை எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"மேடை கெடக்குட்டுங்க. எவ்வளவு துணி இருக்குதுங்க?"

"நாலு சேர் நெறையா இருக்குதாமா."

"நாலு சேருங்களா?" என்றார் சென்னியப்பன். தீபாவளி போனஸ் கேட்டவர்போல் இருந்தது அவர் குரல்.

ஹெட்போனைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே பஸ் ஏறினார். நாங்கள் அவர் தலையிலேயே கோயம்புத்தூர் வந்தோம். பூந்தொட்டி நகர்ந்தது கேட்டது. சாவி கேட்டது. எங்கள் கதவு கேட்டது. அது இத்தனை அழகாகக் கிரீச்சிடும் என்று எனக்குத் தெரியாது.

மடிக்கத் தொடங்கினார். ஒரு உதறல், ஒரு மடிப்பு, ஒரு தட்டல். வேட்டிக்கு ஒரு தாளம், ரவிக்கைக்கு ஒரு தாளம். மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நாலாவது சேரில் சுருண்டு கிடந்த வேட்டி முனகியது. சென்னியப்பன் அதை முதுகில் தடவிக்கொடுத்து மடித்தார். அதுவும் மடிந்தது.

மடித்ததையெல்லாம் எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். மூன்று சேர்களில் அடுக்கி வைத்தார்.

நாலாவது சேர் காலியானது.

"அடுத்த மொறை உங்களுதுங்க்கா" என்று ஹெட்போனிடம் சொன்னார். அதைக் கழற்றி நாலாவது சேரில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டுத் திருப்பூர் போனார்.

வலை வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் வீடுதான். எங்கள் சேர்தான்.

"சேரு காலியாயிருச்சு. வாங்க, போலாம்" என்றேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"எங்க காலி? அதுலதான் ஹெட்போன் வெச்சிருக்குதே" என்றார்.

அவர் சொன்னது சரிதான்.

வெளியே ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியது. இடது பக்கம், கொஞ்சம் பின்னால்.

"அக்கட்டால தள்ளுங்க" என்றேன்.

சேரில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.