பதினோராவது மாடியில் ஒரு கட்டளை

மேத்யூ, மலேசியாவின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். வாய் ஓயாமல் பேசுகிறவன். ஆனால் மூன்று மாதமாக அவனுக்குள்ளிருந்து வேறு யாரோ பேசினார்கள். ஜெபச் சத்தம் கேட்டாலே பல்லை நறநறவென்று கடித்தான். மகள் நடாஷா பக்கத்தில் வந்தால் உறுமினான். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்து மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, பழைய மேத்யூ வரவில்லை.

அவன் மனைவி எவ்லின் கோயிலில்கூடச் சத்தமாகப் பாடாதவள். பங்குச் சாமியார் ஆரோக்கியநாதனிடம் போய் அழுதாள்.

"மருந்த நிறுத்தாதம்மா. நான் ஆயர்கிட்ட பேயோட்ட அனுமதி கேட்டுட்டு சனிக்கிழமை மூணு மணிக்கு வர்றேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை மூன்றே கால் ஆகியும் ஆள் வரவில்லை. போன்தான் வந்தது. பக்கத்து ஊரான புக்கிட் தெங்காவில் ஓர் அடக்கச் சடங்கை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தவர் வழியில் மாட்டிக்கொண்டார்.

"பாலத்துல ஆக்சிடென்ட்மா. காடி நகரவே மாட்டேங்குது. ஜெபம் பண்ணிக்கிட்டே இரு."

அவள் போனை வைப்பதற்குள் பின்னால் நாற்காலி விழுந்தது. நடாஷா அலறினாள். மேத்யூவின் ஒரு கால் பால்கனிச் சுவருக்கு வெளியே இருந்தது. அதற்குக் கீழே பதினோரு மாடி.

"இவன் என் ஆளு" என்றது அந்தக் குரல். "உன் சாமியார் வரமாட்டான்."

சாமியார் வருவதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

ஓரடி எடுத்து வைத்தாள். அவன் இன்னும் வெளியே சாய்ந்தான். அவள் நின்றுவிட்டாள். அடுத்து நடந்ததை அவளால் பிறகு யாருக்கும் விளக்க முடியவில்லை. உடம்பிலிருந்த பயம் முழுவதும் ஒரே நொடியில் போய்விட்டது. வாய் தானாகத் திறந்தது.

"இயேசுவோட பேரால சொல்றேன். அவர விட்டுட்டுப் போ."

கத்தக்கூட இல்லை.

மேத்யூவின் உடல் ஒருமுறை தூக்கிப்போட்டது. நீண்ட ஓலம் ஒன்று எழுந்து அறுந்தது. அவன் உள்பக்கமாகத் தரையில் விழுந்தான். எவ்லின் ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள். வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தான். கண் திறந்தபோது, அது மேத்யூவின் பார்வை.

"லின்" என்றான். அவன் மட்டுமே அப்படிக் கூப்பிடுவான். "பசிக்குது லா."

ஐந்து மணிக்குச் சாமியார் மூச்சிரைக்க வந்தார். மேத்யூ நடாஷாவை மடியில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எவ்லின் வாசலுக்கே போய் நடந்ததைச் சொன்னாள்.

"பொறுக்க முடியாம நானே சொல்லிட்டேன் ஃபாதர். தப்பா?"

அவர் மேத்யூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த தீர்த்தப் புட்டியைத் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே மண்டியிட்டார்.

"முப்பது வருஷமா இயேசுவோட பேரச் சொல்லிக்கிட்டிருக்கேன்மா. இன்னிக்குத்தான் சொல்லவே நடுக்கமா இருக்கு."

எவ்லினும் மண்டியிட்டாள். எச்சில் கையோடு மேத்யூ எழுந்து வந்து அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டான். எந்த ஜெபத்தைத் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.