இரண்டு மணி நேர நான்-ஸ்டாப்

ஓய்வு பெற்ற அந்த பஸ் டிரைவர் ஒரு முறை மழைக்காலம் முழுவதும் சீட்டை விட்டு இறங்காமல், ஒன்றுக்கே போகாமல் வண்டி ஓட்டினாராம். அவருடைய மூத்திரப்பையைப் பார்த்துவிட்டுத்தான் புது அணை கட்டும் யோசனையையே கைவிட்டார்களாம். இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மச்சினன். காலமெல்லாம் அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்.

"புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா மாமா? அந்த ரோட்டுல இருக்கற மரமெல்லாம் நீங்க தண்ணி ஊத்தி வளர்த்ததுதான்!"

இப்போது அந்தப் பையிலேயே புற்றுநோய். கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. மறுபடி முளைக்காமலிருக்க வாரம் ஒரு முறை குழாய் வழியாகப் பைக்குள்ளேயே மருந்து விட்டார்கள். அது இரண்டு மணி நேரம் உள்ளே தங்க வேண்டும். டிரைவரோ முதல் வாரமும் அடுத்த வாரமும் மருந்து இறங்கிய சூட்டோடு கழிவறைக்கு ஓடிவிட்டார். இப்படியே போனால் பையையே எடுக்கிற ஆபரேஷனைப் பற்றித்தான் பேச வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிஸ்டருக்குச் சந்தேகம். "வர்றதுக்கு முன்னாடி என்ன குடிச்சீங்க?"

"ஒரு ஜக் தண்ணி, ரெண்டு காபி. டேங்கை ரொப்பாம எவன்மா வண்டி எடுப்பான்?"

"எதுவும் குடிக்காம வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அது சாதாரண ஆளுங்களுக்குன்னு நெனச்சேன்."

அன்று முழுவதும் டிரைவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மனைவி அதற்குத்தான் பயந்துபோய், தம்பியைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் நீயும் கூடப் போடா" என்றாள்.

மூன்றாவது வாரம் வறண்ட தொண்டையோடு போய்ப் படுத்தார். சிஸ்டர் மருந்தை விட்டுக் குழாயை உருவினாள். "இடது பக்கம், வலது பக்கம், குப்புற, மல்லாக்கன்னு மாறி மாறிப் படுங்க. பையில எல்லாப் பக்கமும் மருந்து படணும்."

கொஞ்ச நேரத்திலேயே டிரைவரின் கால் விரல்கள் மடங்கின.

"மாப்ளே, நம்ம லைன் டிப்போவுலேர்ந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்ப டபுள் விசில் குடுடா!"

மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்ல இரண்டு விசில் கொடுத்தான். டிரைவர் போர்வை விளிம்பை ஸ்டியரிங்காகப் பிடித்தார். மில் வளைவில் இடப்பக்கம் திரும்பிப் படுத்தார். பாலம் இறங்கியதும் வலப்பக்கம்.

எதிர்க் கட்டில்காரர், "டிரைவர் சார், கோர்ட்டாண்ட நிறுத்துங்க" என்றார்.

"எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டு என்னய்யா கோர்ட்டு? நிக்காது!"

பாதி வழியைத் தாண்டியதும் நெற்றியெல்லாம் வியர்வை. மச்சினனுக்கு ஈவு இரக்கமே கிடையாது. "மாமா, ரயில்வே கேட் போட்டிருக்கு."

"என்ன ரயிலு?"

"கூட்ஸ்."

"அடப்பாவி! ஒரு பாசஞ்சர் விடக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார். எத்தனை பெட்டி போயிற்றோ, அவருக்கு மட்டுமே தெரியும். கடைசிப் பெட்டி போனது. கேட் திறந்தது.

"ரெண்டு மணி நேரமாச்சு, பாத்ரூம் போகலாம்" என்றாள் சிஸ்டர்.

டிரைவர் ஓடவில்லை. மந்திரி மேடை ஏறுவதுபோல நடந்தார். பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் துரத்தியது. "உக்காந்துதான் போகணும், மருந்துல உயிருள்ள கிருமி இருக்கு, தெறிக்கக் கூடாது! ப்ளீச் ஊத்தி மூடி வெச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தண்ணி விடுங்க! வீட்டுலயும் இன்னைக்கு அப்படித்தான்! கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க! இனிமே நெறைய தண்ணி குடிக்கலாம்!"

வீட்டு வாசலில் மனைவி ப்ளீச் பாட்டிலும் கையுமாக நின்றாள். "என்னாச்சு?"

"நாலு நாள் அடக்கினேன்! டாக்டருங்கெல்லாம் எழுந்து நின்னு சலாம் வெச்சாங்க. இன்னும் ஒரு வாரம் இருங்கன்னு காலப் புடிச்சுக் கெஞ்சினாங்க!"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"சலாமெல்லாம் புளுகுக்கா. ஆனா ரெண்டு மணி நேரம் நெசம். விசில் குடுத்ததே நான்தான். வண்டி எங்கயும் நிக்கல."