தேநீர் வராத பொதுக்குழு

தீர்ப்பு வந்த அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் பாலிட்ரெனன் ஊரில் எல்லோரும் வக்கீல் ஆகிவிட்டார்கள். அதுவரை வேலித் தகராறுக்குக்கூட பக்கத்து ஊர் போய் யோசனை கேட்டவர்கள்தான். இப்போது முடிவெட்டுகிற ரேமண்ட் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாட்சியச் சட்டம் பேசினார். பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்த தபால்காரர் அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, மீதி முடியோடு எழுந்து போய்விட்டார். அந்தத் தலை அப்படியே வீடு வீடாகக் கடிதம் கொடுத்துக்கொண்டு திரிந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் ரக்பி கிளப்பில் வளர்ந்து, மாகாண அணிக்குப் போய்ப் பெயர் வாங்கிய இரண்டு பையன்கள் மேல் ஒரு பெண் பலாத்காரப் புகார் கொடுத்தாள். பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் வழக்கு வாரக்கணக்கில் நடந்தது. கடைசியில் ஜூரி இருவரையும் குற்றவாளிகள் இல்லை என்று சொல்லிவிட்டது. ஜூரியில் இருந்தவர்கள் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆனால் சம்பவத்துக்கு மறுநாள் அந்தப் பையன்கள் சிநேகிதர்களுக்கு போனில் அனுப்பிய செய்திகளை நீதிமன்றத்தில் வாசித்தார்கள், பேப்பரிலும் போட்டார்கள். பெண்களைப் பற்றி அவர்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அதைப் பற்றிப் பேச என்னிடம் நிறைய இருந்தது. யாரும் கேட்கவில்லை.

கேட்கமாட்டார்கள், ஏனென்றால் நான் கிளப்பின் தேநீர்க்காரி. பெயர் ஏவ்ரில். என் வீட்டுக்காரர் மெர்வின் கிளப்பின் தலைவர். நல்ல மனிதர்தான். ஒரே குறை, எதைக் கேட்டாலும் ஆம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். ‘பார்க்கலாம்’ என்பார். எங்கள் மகள் லோர்னா சைக்கிள் கேட்டபோதும் பார்க்கலாம், நாய்க்குட்டி கேட்டபோதும் பார்க்கலாம். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அப்படிப்பட்ட மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலை மாதிரி நின்றார். கோர்ட் சொல்லியாச்சு, அத்தோடு முடிந்தது என்று காலையில் முட்டை தின்னும்போது சொன்னார், மாலையில் நாயிடம் சொன்னார், வந்த பிளம்பரிடமும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அந்த வீட்டில் என்ன வேலை என்றும் சேர்த்துக்கொண்டார்.

லோர்னாவுக்குப் பத்தொன்பது வயது. கிளப்பின் பெண்கள் அணியில் பந்தை வாங்கி மைதான ஓரமாக ஓடுகிறவள், நல்ல வேகம். அவள் இதையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறு வாரம் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறையில் சாப்பிடத் தொடங்கினாள். அதற்கடுத்த வாரம், அந்தப் படம் இருக்கிறவரை கிளப் கூடத்துக்குள் கால் வைக்கமாட்டோம் என்று பெண்கள் அணி மொத்தமும் சொல்லிவிட்டது.

படம் என்றால் அந்தப் பையன்களின் படம். சின்ன வயதில், சேறும் சகதியுமாகக் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்கு நான் தேநீர் ஊற்றி நீட்டும் ஜன்னலுக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் என் முழங்கையும் ஒரு தட்டு சாண்ட்விச்சும் இருக்கும். ஆகவே எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. கசாப்புக்காரர் வெஸ்லி, எங்கள் பையன்கள் சுத்தம் என்று கடைக்கு வெளியே பலகையில் எழுதி, கீழேயே ஆட்டுத்தொடை மலிவு என்றும் எழுதினார். அன்று மதியமே எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் காய்கறிக்கு மாறினார்கள். மூன்று தலைமுறையாக மாட்டுக்கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுத்த பெரில் பருப்பு வேகவைத்தாள். வெஸ்லி தாக்குப்பிடிக்க முடியாமல் பலகையை அழித்துவிட்டு, கருத்து ஏதுமில்லை, கல்லீரல் புதிது என்று எழுதினார். அதைப் பார்த்த மறுகட்சிக்காரர்கள் இவர் கட்சி மாறிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு கோழிக்கடைக்குப் போனார்கள். பாவம், அந்த மாதம் அவர் வீட்டு நாய்க்கு மட்டும் நல்ல யோகம்.

கடைசியில் படத்தைப் பற்றி முடிவெடுக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொதுக்குழு கூடியது. வெளியே நல்ல மழை. கூடம் நிறைய ஆண்கள். பெண்கள் அணியைக் கூப்பிடவில்லை, கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. நானும், என்னோடு தேநீர் வேலை பார்க்கும் பெரிலும் நோரீனும் சமையலறைக்குள், ஜன்னலின் மரக்கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டோம்.

அப்படி ஒரு கூட்டத்தை நான் கேட்டதே இல்லை. எவ்வளவோ நேரம் பேசினார்கள், பலாத்காரம் என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பொருளாளர் ‘அந்த விவகாரம்’ என்றார். போதகர் ‘துரதிருஷ்டவசமான அந்த மாலைப்பொழுது’ என்றார், ஏதோ சுற்றுலாவில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி. ஒருவர் படத்தைத் திருப்பி மாட்டலாம் என்றார். இன்னொருவர் அதன்மேல் நாட்காட்டியைத் தொங்கவிட்டு, முக்கியமான ஆட்டங்களின்போது மட்டும் எடுக்கலாம் என்றார். ஆண்கள் கழிப்பறைக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது, அது மரியாதையா அவமரியாதையா என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். பொருளாளர், இரண்டு பக்கமும் மனம் கோணாமல், பையன்களை வெட்டியெடுத்துவிட்டுக் கோப்பையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படி வெட்டினால் கோப்பையும் என் முழங்கையும்தான் மிஞ்சும். சரித்திரத்தில் இடம்பிடிக்க எனக்கு அது ஒன்றுதான் வழி என்று பெரில் கிசுகிசுத்தாள்.

வாக்கெடுத்தார்கள். பாதிக்குப் பாதி. தலைவரின் ஓட்டுதான் தீர்மானிக்க வேண்டும். மெர்வின் எழுந்து, தொண்டையைச் செருமி, முதலில் தேநீர் குடிக்கலாம் என்றார். வழக்கம்போல, தேநீர் போடும் மகளிருக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நாங்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. பாய்லரைப் பற்றவைக்கவே இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனவர்கள் உண்டு, சொந்த மாமனார் அடக்கத்தின் நடுவில் போனவர்களும் உண்டு. தேநீருக்கு முன்னால் கூட்டத்தைவிட்டுப் போனவர் என்று இதுவரை யாரும் இல்லை. போனால் செத்த பிறகும் அதைச் சொல்வார்கள். போதாததற்கு, பிஸ்கட் பொடியும் செர்ரியும் பிசைந்து தேங்காய்ப்பூவில் புரட்டிய இனிப்பை அவர்கள் முன்னாலேயே தட்டுத் தட்டாக வைத்திருந்தோம். தேநீர் வராமல் அதைத் தொட முடியாது. கிளப்பின் பழைய உறுப்பினர் டெஸ்மண்ட் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார், சுற்றிப் பார்த்தார், கோட்டோடு உட்கார்ந்தார்.

முதலில் பொருளாளர் ஜன்னலுக்கு வந்து கதவைத் தட்டினார். கொதிக்கவில்லையா என்று கேட்டார். பற்றவைக்கவே இல்லையே என்றாள் நோரீன். எப்போது பற்றவைப்பதாக உத்தேசம் என்றார். நீங்கள் எப்போது முடிவெடுப்பதாக உத்தேசம் என்றாள். பொருளாளர் போய் அதைக் குழுவுக்கு அறிவித்தார். அடுத்து போதகர் வந்து, பொறுமை ஒரு பரிசுத்த குணம் என்றார். அதைத்தான் நாங்களும் கடைப்பிடிக்கிறோம் என்றாள் பெரில். நீங்களே வந்து தேநீர் போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தோம். அத்தனை ஆண்களில் அந்த பாய்லரைப் பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் மெர்வின் வந்தார். ‘ஏவ்ரில், என் மானத்த வாங்காத’ என்று கதவோடு பேசினார்.

கதவைத் திறந்தது நான் இல்லை, லோர்னா. கொல்லைப்பக்கமாக வந்து எப்போதோ என் பின்னால் நின்றிருக்கிறாள். தலை நனைந்து ஒட்டியிருந்தது. கூடத்துக்குள் கால் வைக்கவில்லை, சமையலறைக்குள்ளேயே நின்றாள். சத்தியத்தைக் காப்பாற்றுவதில் அவள் என்னைப் போல.

‘ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ப்பா’ என்றாள். ‘என்னை ஒருத்தன் பலாத்காரம் பண்ணிட்டான்னு நான் உங்கிட்ட வந்து சொன்னா, நீ நம்புவியா?’

அந்தச் சொல் கூடம் முழுக்கக் கேட்டது. டெஸ்மண்ட் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார்.

‘கோர்ட்டு...’ என்று தொடங்கினார் மெர்வின்.

‘கோர்ட்ட நான் கேக்கல. உன்னக் கேக்குறேன்.’

அவர் முகம் சிவந்தது. ‘என்ன கேள்வி இது? நம்பாம? அவனக் கொன்னே போட்டுருவேன்.’

‘கொல்லவெல்லாம் வேணாம். நம்பினா போதும்.’

‘நம்புவேன்.’

‘சரி’ என்றாள் லோர்னா. ‘ஆனா நான் வரமாட்டேன்ப்பா. இத்தன வாரமா நீ பேசினதெல்லாம் கேட்டேன்ல. அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேலைன்னு பிளம்பர்கிட்டகூடச் சொன்ன. எனக்கு எது நடந்தாலும் அம்மாகிட்டகூடச் சொல்வேனான்னு தெரியல. உங்கிட்ட கண்டிப்பா வரமாட்டேன்.’

அம்மாவிடம்கூட என்றாளே. அவர் பேசும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன், அதையும் அவள் படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

மெர்வின் ஜன்னல் கட்டையிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, ஏறி, படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். முழங்கால் வலிக்காரர், இறங்கும்போது போதகர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இது வாக்காகப் பதிவாகுமா என்று பொருளாளர் கேட்டார். ஆகும் என்றார் மெர்வின். படம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது, அங்கே என்ன மாட்டுவது என்று உடனே ஒரு கட்சியும் எதிர்க்கட்சியும் கிளம்பின.

அவர் அங்கே நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் முதல் தடவையாக வந்தது அன்றுதான். பாய்லரை நாலு பக்கமும் பார்த்தார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன், பெரில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் தண்ணீரை ஊற்றினார். கீழே குழாய் திறந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அத்தனையும் அவர் தேவாலயத்துக்குப் போடும் நல்ல ஷூவுக்குள் போனது.

லோர்னா குனிந்து குழாயை மூடினாள். தீக்குச்சியை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாள். பற்றவைத்தார். அது கொதிக்க ஒரு யுகம் ஆகும், எப்போதும் அப்படித்தான். இருவரும் அதன் முன்னால் நின்றார்கள். வெளியே ஊர் ஆண்கள் எல்லோரும் இனிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆவி வரத் தொடங்கியபோது மெர்வின் பாய்லரைப் பார்த்தபடியே கேட்டார்.

‘இனிமே வந்து சொல்வியா?’

லோர்னா யோசித்தாள். அவசரப்படவில்லை.

‘பார்க்கலாம்’ என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் நீட்டிய கோப்பையில் முதல் தேநீரை ஊற்றினார். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, பாலும் அதிகம். அவள் அதை முழுக்கக் குடித்தாள்.